முக்கால் தொட்டி

நேற்று உட்லண்ட்ஸ் பாலத்தில் மூன்று மணி நேர நெரிசல். என் இருபது வயதுக் கார் அதை ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடக் குடிக்காமல் கடந்தது.

இதைச் சொன்னபோது உமாமகேஸ்வரி சிரிக்கவில்லை. நாற்பது வருடமாக என் மனைவி. கையிருப்பில் இருந்த சிரிப்பெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

“ஒரு சொட்டுகூட?” என்றாள்.

“மோந்துகூடப் பாக்கல.”

அவள் கையில் கைப்பேசி. கார் அவள் பெயரில் இருக்கிறது. இன்னும் பத்து வருடம் வைத்துக்கொள்ள சிஓஇ அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தாளின் விலைக்கு முன்னால் கார் ஓர் இலவச இணைப்பு. கெடு இன்று மாலை ஐந்து மணி. சிங்பாஸ் என்ற அரசாங்கச் செயலியைத் திறந்து அவள் முகத்தைக் காட்டினால் கார் பிழைக்கும். காட்டாவிட்டால் பழைய இரும்பு. நான் தள்ளுவண்டியோடு ரயிலேறி தேக்கா சந்தைக்குப் போகும் கிழவனாகிவிடுவேன்.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வாராவாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் அவள் அக்காவைப் பார்க்கப் போகிறோம். பாலத்தில் நின்று நின்றே கால் தொட்டி காலியாகிறது. அதை நிறுத்திக் காட்டு, முகத்தைக் காட்டுகிறேன் என்றாள்.

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன் நான். எடையைப் பற்றி எனக்கு யார் பாடம் நடத்துவது?

முதலில் மாற்றுச் சக்கரத்தைக் கழற்றினேன். அடுத்து ரேடியோ. இப்போதெல்லாம் செய்திகள் ரொம்பவும் கனம். ஏர்கானைப் பிடுங்கினேன். டயரில் காற்றை ஏற்றினேன், ஏற்றினேன், விரலால் தட்டினால் மிருதங்கம் கேட்கும்வரை ஏற்றினேன். காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று முகப்பு வலையை பிளாஸ்டிக் பலகையால் மூடினேன்.

கடைசியாகப் பின்னிருக்கை. அது இப்போது ஈசூனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபாவாக இருக்கிறது, சீட் பெல்ட்டோடு. வருகிற விருந்தாளிகள் ஒருவரும் பெல்ட் போடுவதில்லை. நாட்டில் பாதுகாப்பு உணர்வே குறைந்துவிட்டது.

கார் எவ்வளவு இலேசாகிவிட்டது என்றால், கீழே நிறுத்தியிருந்தபோது மேலே ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. கார் ஓரடி நகர்ந்தது.

உமா மைனாவையும் நம்பவில்லை.

“அண்ணன் வரட்டும். அவரு சொன்னா நம்புறேன்.”

அண்ணன் என்றால் ஜலாலுதீன். தேக்காவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஐந்து வேளை தொழுகிறவர், துணி அளந்தால் ஓர் அங்குலம் குறைக்காதவர். இத்தனை வருட நட்பில் நான் சொன்ன எதையும் நம்பியதில்லை. அதனாலேயே நேற்று சாட்சிக்கு அவரைக் கூட்டிப்போனேன்.

சாட்சிக்கா பஞ்சம்? சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்ட வேண்டுமென்றால் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். சாவடி அதிகாரி குனிந்து என் பெட்ரோல் மீட்டர் ஊசியைப் பார்த்தார். முக்கால். ஆக, அரசாங்கமே பார்த்தாகிவிட்டது. பாலம் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றபோதும் அதே முக்கால்.

நடுவில் பாலத்தில் எங்களுக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே! மோட்டார் சைக்கிள்காரர்கள் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஒரு பேருந்து முழுக்க எழுந்து நின்று படம் பிடித்தது. பின்னால் வந்த லாரிக்காரர் கைதட்டினார். வழிநெடுகக் குறை சொல்லிக்கொண்டே வரும் ஜலாலுதீன்கூடப் பாலம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. பிரமிப்புதான், வேறென்ன?

நாலரைக்கு அழைப்பு மணி அடித்தது.

கோடாலித் தைல வாசம் முதலில் வந்தது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு ஜலாலுதீன் வந்தார். கூடத்துப் பின்னிருக்கையில் தவணை தவணையாக உட்கார்ந்தார்.

“உடம்புக்கு என்னண்ணே?”

“வயசாச்சுல்ல தங்கச்சி.”

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நேத்து ஒரு சொட்டு செலவாகாம பாலத்தத் தாண்டினீங்களாமே. நெசமா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நாலு ஐம்பது.

“சொல்லுங்கண்ணே.”

“அல்லா மேல ஆணையா நெசந்தாம்மா,” என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர் போல. “பாலத்துல ஏறும்போதும் பாத்தேன், எறங்கின பொறவும் பாத்தேன். ஊசி அசையவே இல்ல.”

உமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே கைப்பேசியைத் தூக்கி முகத்தைக் காட்டினாள். கைப்பேசிக்கு அந்த முகத்தைத் தெரியவில்லை. சிரிப்பை நிறுத்தியதும் ஒப்புக்கொண்டது.

பத்து வருடம்!

ஜலாலுதீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

“ஆனா ஒண்ணு தங்கச்சி. அடுத்த வாரம் ரெண்டு ஆளா அனுப்பி வையி. இவன் எஞ்சின அணைச்சிட்டு உள்ள உக்காந்துக்கிறான். மூணு மணி நேரம் ஒத்தையாத் தள்ள என்னால முடியல லா.”