கேப்டன் ஆன தேதி

உறையைக் கிழிக்கும்போதே ஆரோக்கியசாமிக்கு வாயெல்லாம் பல்.

ஒன்றரை வருஷம். பதினேழு மனு. படைப் பதிவேட்டு அலுவலகம் கடைசியில் வழிக்கு வந்துவிட்டது.

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பச்சமுத்து எழுந்தே நின்றுவிட்டார். எருமப்பட்டியில் நிலக்கடலை பயிரிடுகிறவர். பதில் வந்ததா என்று கேட்க மாதம் ஒருமுறை பஸ் ஏறி சேலத்துக்கு வந்துவிடுவார். இன்று தபால்காரரும் அவரும் ஒன்றாகத்தான் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

“ஏனுங்க சாமி, காரியம் ஆச்சுங்களா?”

“இருங்க பச்சமுத்து, படிக்கிறேன்.”

ஆரோக்கியசாமி தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டி, ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். பட்டாவில் ஒரு தேதி பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவரின் மகன் தோமினிக்கையே பதிவேட்டில் தப்பாக எழுதி வைத்தால் விடுவாரா?

சீனச் சண்டையின்போது, 1962 அக்டோபர் 28ஆம் தேதி, களத்திலேயே தோமினிக்கைக் கேப்டனாக்கிவிட்டார்கள். காகிதத்தில் அது ஏறவில்லை. சண்டை முடிகிறவரை வெறும் லெப்டினன்ட், கேப்டனானது அடுத்த மார்ச்சில் என்றுதான் பதிவேடு சாதித்தது.

‘அது அப்படியே இருக்கட்டும் அப்பா, கிளறாதீர்கள்’ என்று தோமினிக் முகாமிலிருந்து மூன்று முறை எழுதிவிட்டான். பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று பெற்றவர் பூரித்துப்போனார். நாலாவது மனுவைப் போட்டார்.

ஆதாரம் கொடுத்தது பச்சமுத்துதான். அவருடைய மகன் மாரி, தோமினிக்கின் கீழ் சிப்பாய். நவம்பரில் மலைமேல் இருந்த காவல் சாவடியில் செத்துப்போன பதினொரு பேரில் ஒருவன். அவன் கடைசியாக எழுதிய கடிதத்தில், ‘நம்ம சேலத்து ஆபீசருக்கு இன்னைக்கு மூணாவது நட்சத்திரம் குத்துனாங்க, நாங்கெல்லாம் சல்யூட் அடிச்சோம்’ என்று இருந்தது. மேலே தெளிவாகத் தேதி.

மகன் தன் கையால் எழுதியது என்று பச்சமுத்துவிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். படிக்கத் தெரியாதவர்; இருந்தாலும் மடியிலேயே வைத்திருந்தார். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆங்கிலத்தில் இருந்ததை ஆரோக்கியசாமி தமிழாக்கி, மாதா கோவில் பூசையில் நிருபம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார். சிப்பாய் மாரியின் கடிதம் சாட்சியமாக ஏற்கப்பட்டது. தோமினிக் அக்டோபர் 28 முதல் கேப்டன் என்று பதிவேடு திருத்தப்பட்டது.

“எம் பையன் எழுத்த கவர்மெண்டே நம்பீருச்சுங்க!” பச்சமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது பத்தியை ஆரோக்கியசாமி மனசுக்குள் படித்தார்.

சம்பவத்தன்று சாவடியில் இருந்த அதிகாரிகள் இருவர். இருவருமே லெப்டினன்ட் என்று இருந்தவரை, நாலு மாதம் மூத்தவரான மற்றவரே பொறுப்பதிகாரி என்று கருதப்பட்டது. காவலுக்கு நின்ற பதினொரு பேருக்கும் தகவல் சொல்லாமல் சாவடியைக் கைவிட்டு இறங்கிய குற்றம் அவர்மேல் இருந்தது. தேதி திருத்தப்பட்டதால், அன்று மூத்தவர் கேப்டன் தோமினிக். மற்றவர் விடுவிக்கப்படுகிறார். கேப்டன் தோமினிக் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவார்.

ஆரோக்கியசாமி அந்தப் பத்தியை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிள்ளை ஏன் கிளறாதே என்றான் என்று இப்போதுதான் உறைத்தது. அடக்கமாம், அடக்கம்!

“அவ்வளவுதானுங்களா சாமி? எம் பையன உட்டுப்போட்டு ஓடியாந்தானே ஒரு லெப்டினன்ட்டு, அவனப் பத்தி ஒண்ணும் போடலீங்களா? அவனத் தூக்குல போட்டாங்கன்னு காதுல கேட்டாத்தானுங்க எனக்குத் தூக்கம் வரும்.”

ஆரோக்கியசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே ஒரு கணம்தான்.

“ஒண்ணும் போடலைங்க. நன்றி சொல்லி நாம ஒரு கடுதாசி போடணும். உங்க கைநாட்டு வேணும்.”

“அதுக்கென்னுங்க சாமி, தாராளமா!”

ஆரோக்கியசாமி பேனாவைத் திறந்தார். ஒரு முழுப் பக்கம், ஆங்கிலத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தார். பச்சமுத்துவின் இடது பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தின் அடியில் வைத்து உருட்டினார்.

பச்சமுத்து விரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே, சின்னச்சாமி நூறு வருஷம் நல்லா இருக்கோணும் என்று தோமினிக்கை வாழ்த்தினார்.

காகிதத்தில் இருந்தது இதுதான்:

‘எருமப்பட்டி பச்சமுத்து ஆகிய நான் உண்மையாகச் சொல்வது. என் மகன் மாரி எழுதப் படிக்கத் தெரியாதவன். அவன் பெயரில் நான் கொடுத்த கடிதம் அவன் எழுதியதல்ல. அவன் செத்த பிறகு, ஏதாவது ஆதாயம் கிடைக்கும் என்ற ஆசையில், நானே ஆள் வைத்து எழுதிப் பொய்த் தேதி போட்டேன். அந்தத் திருத்தத்தை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

ரேகை கொஞ்சம் கலங்கியிருந்தது. கலங்கிய ரேகையை எந்த ஆபீசிலும் ஏற்க மாட்டார்கள். ஆரோக்கியசாமி அந்த விரலை மறுபடி இழுத்து, துணியால் நன்றாகத் துடைத்து, மையில் அழுத்தினார்.