தேங்காய் உரித்த பல்

கோயில் திருவிழாவின் ஆராட்டு ஊர்வலம் பார்க்க ஊருக்குள் வந்த கூட்டத்தில் பாதி, சாலைக் கடைத்தெருவில் பூதலிங்கம் பிள்ளையின் கடைமுன் நின்றது. புதிதாகப் பல்பொடி விற்கத் தொடங்கியிருந்த அவர், பல்லால் தேங்காய் உரிக்கும் போட்டி வைத்திருந்தார்.

யானைப்பாகன் வேலப்பன் கண்மூடித் திறப்பதற்குள் உரித்துப் போட்டுவிட்டான். பிள்ளை அவன் கழுத்தில் மாலையிட்டு, "வேலப்பா, இந்தப் பல்லுக்கு என்ன பொடி தேய்க்கே? எல்லாரும் கேக்க உரக்கச் சொல்லு!" என்றார். காலையிலேயே அவன் கையில் தன் பல்பொடி டப்பா ஒன்றைக் கொடுத்து வைத்திருந்த தைரியம் அவருக்கு.

"பொடி எதுக்கு முதலாளி? எனக்கு அடுப்படியிலே கிடக்க உமிக்கரிதான்!"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. ஒரு டப்பாகூட வாங்காமல் கலைந்தது. பிள்ளை இடிந்துபோய் வீடு திரும்பினார்.

நடந்ததைக் கேட்ட மனைவி உமையம்மை வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"நம்ம டப்பாவிலேயும் அதே உமிக்கரிதானே இருக்கு? அப்பவே சொல்லியிருந்தா அம்புட்டும் வித்திருக்கும்லா?"

"எப்படிட்டீ சொல்லுவேன்? டப்பா மேலே 'சீமை மருந்து'ன்னுல்லா அச்சடிச்சு வச்சிருக்கேன்!"