பதிமூன்றாவது பன்

"பன்னு பன்னெண்டுதானடி வெச்ச?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூரிஸ் கேட்டதும் யூடெல்கா தான் வைத்ததை மனசுக்குள் மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற சமானா கடற்கரையில் புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டல் அது. சமையலறையின் சாமான் அறைக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். இங்கிலீஷில் அளவு சொன்னால் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். வந்தவர்கள் ஐந்து பேர். பரீட்சை முடிந்து, முடிவுக்காக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

யூடெல்காவுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். பதினோரு வருடமாக அண்ணனின் மளிகைக்கடையில் நிற்கிறாள். அண்ணன் மாதக் கடைசியில் கடையை மூடுகிறான். அப்புறம் அவளும் மகளும் யார் வாசலில் போய் நிற்பது? அதனால்தான் ஆறு மாதம் ஞாயிறு தவறாமல் வகுப்புக்குப் போனாள். ஒரு கட்டு, ஒரு சிட்டிகை, ஒரு கைப்பிடி, ஒரு துண்டு என்று இங்கிலீஷில் உருப்போட்டாள். வாழைக்காய் வறுக்கும்போதுகூட உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

பரீட்சை ஒன்றும் கஷ்டமில்லை. ஓட்டல் தரப்பில் பரீட்சை வைத்த மிஸ் கெல்லி ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே பட்டியல். அதைப் படித்துக் கூடையில் சாமானை எடுத்து வைக்க வேண்டும். கொத்தமல்லி, உப்பு, காபித்தூள் எல்லாம் சரி. கடைசியில் பன். பன்னிரண்டு எண்ணி வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் பிறகு கை சும்மா இருக்காமல், நன்றாகச் சிவந்த ஒன்றாகப் பார்த்து எடுத்து மேலே வைத்ததும் நினைவிருக்கிறது.

கடைப் பழக்கம். இரண்டு பல் பூண்டு வாங்க வருகிறவர்கள்கூடக் கொசுறு கேட்காமல் நகர மாட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் நூரிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மிஸ் கெல்லிக்கே கொசுறு குடுத்துட்டியா? அட்டையில வெறும் டஜன்னு போடாம, பேக்கர் டஜன்னு கடை பேரைக்கூட விடாம எழுதியிருக்காங்க. அவ்வளவு கறார். உன்ன விடுவாங்களா?"

மிஸ் கெல்லி உண்மையிலேயே கறார்தான். வீட்டில் தலைமுறை தலைமுறையாக இங்கிலீஷ் பேசுகிற குடும்பம். பரீட்சையில் யூடெல்காவின் கூடையை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அவளை ஒரு பார்வை பார்த்தார்.

உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடு, தப்பாக எண்ணிவிட்டேன் என்று கெஞ்சு, பாவம் பார்த்து இன்னொரு தடவை விடுவார் என்று நூரிஸ் யோசனை சொன்னாள். பன்னிரண்டு வைத்தவளுக்கு யோசனை சொல்ல என்ன கஷ்டம்?

யூடெல்கா எழுந்தாள். 'ஒரு பன் அதிகமாகிவிட்டது, மன்னியுங்கள்' என்பதை மனசுக்குள் இங்கிலீஷில் கட்டிப் பார்த்தாள். அதிகத்துக்கு அந்த பாஷையில் இரண்டு சொல். எண்ணுகிற பொருளுக்கு ஒன்று, எண்ண முடியாததற்கு வேறொன்று. பன் எதில் சேர்த்தி? எண்ண முடிந்ததால்தானே இந்த வம்பே.

அவள் தட்டுவதற்குள் கதவு திறந்தது. மிஸ் கெல்லி ஐந்து அட்டைகளோடு நின்றார்.

"மிஸ், அந்த பன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். உட்காரு."

அவள் உட்காரவில்லை.

"உங்க வகுப்புப் புத்தகத்துல இல்லாத சொல் ஒண்ணு வேணும்னே போட்டிருந்தேன்" என்றார் மிஸ் கெல்லி, எல்லோரையும் பார்த்து. "அந்தக் காலத்து ரொட்டிக்காரங்க அளவு குறைஞ்சா தண்டனைன்னு பயந்து, டஜனுக்கு ஒண்ணு கூடவே போடுவாங்க. பேக்கர் டஜன்னா பதிமூணு. நாலு பேர் பன்னெண்டோட நிறுத்திட்டீங்க. யூடெல்கா ஒருத்திதான் எங்கேயோ தேடிப் படிச்சிருக்கா. திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வந்துடும்மா."

நூரிஸின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏதோ சொல்ல வந்தியே, என்ன அது?" என்றார் மிஸ் கெல்லி.

"தேங்க்யூன்னு சொல்ல வந்தேன், மிஸ்" என்றாள் யூடெல்கா.