எழுப்பு ஊசி

துறைமுகக் கிடங்கில் வேலை முடிந்ததும் சுமை தூக்குகிறவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுப்பு ஊசிக்கு வரிசையில் நிற்பார்கள். தசைக்குள் தூங்கிக் கிடக்கும் செல்களை அது எழுப்பிவிடும். மூட்டை தூக்கி நைந்துபோன தோள் விடிவதற்குள் புதுசாகிவிடும்.

வில்மாவின் முறை வந்தது. அவள் கையை நீட்டவில்லை.

"எனக்கு வேண்டாம், அண்ணாச்சி."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். "ஊசி இல்லாம நாளைக்கு நூறு மூட்டை எப்படித் தூக்குவ?"

"முப்பது மூட்டை வரிசைக்குப் போயிருதேன்."

"அங்க ஊசியே போடாத கிழடுங்கல்லா நிக்கும்!"

"நானும் கிழவியாகணும்லா, அண்ணாச்சி."

அவள் கணவன் மிக்கேலும் அங்கே தூக்கியவன்தான். லீவு நாளில்கூடக் கேட்டு வாங்கி ஊசி போட்டுக்கொண்டவன். போன மாதம் வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது வலது தோள் கிழிந்தது. ஊசி போட்டும் ஆறவில்லை. உள்ளே எழுப்புவதற்கு இனி ஒரு செல்கூட மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் வில்மாவால் கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. மூன்று வருஷமாக மறந்திருந்த வலி.

"வலிக்கா?" என்றான் மிக்கேல்.

"நல்லா வலிக்கு. ரெண்டு நாள்ல தானா ஆறிரும்."

தொங்கிக் கிடந்த தன் வலது கையை மிக்கேல் பார்க்கவில்லை. இடது உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, "தோளைக் காட்டு," என்றான்.