பட்டிக்குப் போன முகம்

"என்ன சாமான் மோனை இது? பாக்கவே பயமாக் கிடக்கு," என்றாள் மார்கிரட் கைபேசியில்.

"ஆபிரிக்காக்காரர் ஆடேக்க போடுற மரமுகம் அம்மா. நூறு வருசப் பழசு. பாரிஸில ஒரு கடையில வாங்கினனான்."

ஊருக்கு வந்த யாரிடமோ மகன் அனோஜன் கொடுத்தனுப்பியது. ஆபிரிக்கா வழியாகப் பிரான்சுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரனோடு நெடுந்தீவை விட்டுப் போனவன். போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னதும் கைபேசியில்தான். முகம் காட்டிப் பேசுவதேயில்லை.

வீட்டுக்குள் வைக்க மனம் வரவில்லை. நாவூறு படாமலிருக்க மாட்டுப்பட்டியில் கட்டலாமென்று கொண்டுபோனாள். கயிறு கோக்க அதைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உட்புறத்தில் ஒரு பிறை. அதன் நடுவே ஒரு கோடு. எதிரே நின்ற பசுவின் தொடையிலும் அதே குறி. அவளுடைய புருசன் வீட்டார் தலைமுறையாக மாட்டுக்குச் சுடும் குறி. தீவில் வேறு எவருக்கும் அது இல்லை. சின்ன வயதில் அனோஜன் கதவு, கதிரை என்று கண்டதிலெல்லாம் அதைத்தான் செதுக்கி வைப்பான்.

பின்னேரம் மறுபடி கோல் எடுத்தான். "இஞ்ச பாரிஸில சரியான குளிர் அம்மா."

"ஓம் மோனை," என்றாள். விரல் அந்தப் பிறையைத் தடவியது. "கவனம் ராசா, உளி கையில பட்டிடும்."