தைலக்காரர் வீட்டு நாய்

"இன்னொரு தடவை இதுக்குச் சொறி வந்ததுன்னா, நேரா ஏதாவது பண்ணைக்காரன்கிட்ட தள்ளி விட்டுடுவேன். இப்பவே சொல்லிட்டேன்!"

கால்நடை மருத்துவமனையில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி தைலக்காரர் கத்தினார்.

அவர் மனைவி மடியிலிருந்த நாய் பஞ்சுவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். பேர்தான் பஞ்சு. வயிற்றிலும் காதுமடலிலும் முடி கொட்டி, வட்டம் வட்டமாகச் சிவந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போனபிறகு வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை அந்த நாய்தான். கணவரும் பேசுவார். ஆனால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

தைலக்காரரைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. ஓடுகிற பஸ்களின் முதுகிலெல்லாம் அவர் முகம்தான் சிரிக்கும். பக்கத்திலேயே தைலப் பாட்டில். 'சொறி, சிரங்கு, படை... எதுவானாலும் மூன்றே நாளில் பறந்துவிடும். நான் கேரண்டி!'

பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் மரியாதையாக எழுந்தார்.

"எங்க வீட்டுலயும் உங்க தைலம்தான் சார்."

"குணம் தெரியுதா?"

"வாசனை நல்லா இருக்கு சார்."

உள்ளே கூப்பிட்டார்கள். அறைக்கதவைச் சாத்த தைலக்காரர் விடவில்லை. நாலு பேருக்கு நியாயம் தெரிய வேண்டாமா?

"அஞ்சாவது தடவை டாக்டர்! நீங்க கொடுக்கிறது மருந்தா, மாவா?"

"பூஞ்சைத் தொற்று சார்" என்றார் டாக்டரம்மா. "களிம்பைக் காலையும் மாலையும் தடவணும். முடி முளைச்சிடுச்சேன்னு பாதியில விட்டா திரும்ப வந்துடும். ஒழுங்கா தடவுறீங்களாம்மா?"

"தவறாம தடவுறேன் டாக்டர். ஆனா டப்பா சீக்கிரமே காலியாயிடுது. எப்படின்னே தெரியல" என்றாள் மனைவி.

"எப்படித் தெரியும்? ஊதாரிக் கை! சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்பினா காலியாகாம என்ன பண்ணும்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன் சார், வீட்டுலயே உங்க தைலம் இருக்கே. அதை ஒரு தடவை போட்டுப் பார்த்தீங்களா?"

வெளியே யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"அது மனுஷங்களுக்கும்மா! நாய்க்குப் போட்டா என் தைலத்துக்கு என்ன மரியாதை?"

"சரி, அப்ப இவனை இங்கேயே விட்டுட்டுப் போங்க. பின்னால தங்க வைக்க இடம் இருக்கு. முழுசா குணமாகுற வரைக்கும் நானே தடவுறேன்."

தைலக்காரர் பதறிப்போனார்.

"அதெல்லாம் எதுக்கு? களிம்பை மட்டும் கொடுங்க. பெரிய டப்பாவா ரெண்டு."

"இருக்கட்டும் டாக்டர், நீங்களே வச்சிருங்க" என்றாள் மனைவி. அவர் பேச்சுக்கு மேல் அவள் பேசியதாக இதுவரை வரலாறே இல்லை. தைலக்காரர் அவளை முறைத்தார். வெளியே அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் முறைப்போடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். பஞ்சு வெள்ளை வெளேரென்று ஓடிவந்து மனைவியின் காலைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது.

"ஒரே டப்பாதான் ஆச்சு. அதுலயும் பாதி மீந்துடுச்சு" என்று டாக்டரம்மா களிம்பு டப்பாவை மேசைமேல் வைத்தார்.

தைலக்காரருக்கு வெறும் வாயில் அவல் விழுந்த மாதிரி ஆயிற்று.

"கேட்டுக்கோ! பாதி டப்பாவுல முடியிற வேலை. நீ நாலு டப்பாவைக் கரைச்சே. மருந்து மேல தப்பில்ல, டாக்டர் மேல தப்பில்ல. உன் கை மேலதான் தப்பு. வைத்தியத்துக்கு ஒழுக்கம் வேணும்டி. ஊருக்கெல்லாம் நான் சொல்றது இதைத்தான். சொந்த வீட்டுல எடுபட்டாத்தானே!"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தன்னால்தான் அந்த வாயில்லா ஜீவன் இத்தனை நாள் அவதிப்பட்டதா? நினைக்க நினைக்க அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பேச்சோடு பேச்சாகத் தைலக்காரர் மேசையிலிருந்த டப்பாவை எடுக்க எட்டினார்.

"அது எதுக்கு சார்? இவனுக்குத்தான் குணமாயிடுச்சே" என்றார் டாக்டரம்மா.

"சும்மா, ஒரு முன்னெச்சரிக்கைக்கு."

வீட்டிலும் வெளியிலும் அவர் கழற்றாத முழுக்கைச் சட்டை, எட்டிய வேகத்தில் மேலே ஏறிக்கொண்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வட்டம் வட்டமாகச் சிவந்த படை.

அவசரமாகக் கையை இழுத்துக்கொண்டார். ஆனால் மனைவி பார்த்துவிட்டாள். நாலு டப்பாவும் எங்கே போயின என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. பாவம், மனுஷரும்தான் என்ன செய்வார்? அந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்தத் தோல் டாக்டர் வாசலில் போய் நிற்பார்?

டாக்டரம்மா டப்பாவை மெல்ல அவர் பக்கமே நகர்த்திவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

"இவனை இப்ப வீட்டுக்கு அனுப்ப முடியாதும்மா. முதல்ல சாருக்குக் குணமாகட்டும். இல்லன்னா அவர்கிட்டேருந்து இவனுக்கு மறுபடியும் ஒட்டிக்கும்."