முதல் பெயர்

"உன் பேரு எதுக்கு முதல்ல இருக்கு?" என்று கேட்டார் பேராசிரியர் நிருபம் பாக்சி.

ஆய்வு மாணவி ஸ்ரீலா திரையைப் பார்த்தாள். அவள் எழுதிய கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டது. பாக்சி கணினியில் சம்மதம் தெரிவித்தால்தான் அதை எடுத்துப் பார்ப்பார்கள். தெரிவிக்காவிட்டால் நாலு வருட உழைப்பு குப்பைக்கு.

"வேலை செஞ்சது நான்தானே சார்."

"செஞ்சது நீ. செய்யற இடம் யாருது?"

அந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம் அது. யார் வீட்டுப் பெண்ணானாலும் கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பெயர் ஏறுவதுபோல, யார் எதை எழுதினாலும் பாக்சி பெயர் ஏறிவிடும்.

அவர் தலைக்கு மேல் சுவரில் அவருடைய பழைய கட்டுரை ஒன்றின் முதல் பக்கம் சட்டம் போட்டுத் தொங்கியது. உப்பு நீரிலும் நெல்லைச் சாகவிடாத நுண்ணுயிரைச் சுந்தரவனத்துச் சேற்றில் கண்டெடுத்தவர் அவர். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அன்றிலிருந்து கல்கத்தாவில் அவர் ஏறாத மேடை இல்லை.

மாணவர்கள்தான் அவரிடம் நிலைக்கவில்லை. அந்த நுண்ணுயிரை வைத்துச் செய்த சோதனை கைகூடாதவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார்: "உன் கை சரியில்லை." ஸ்ரீலாவின் தோழி தேபோலீனா அதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அழுதுகொண்டே ஊருக்குப் போனாள். திரும்பி வரவே இல்லை.

நாளை முதல் துர்க்கா பூஜை விடுமுறை. கீழே பந்தலில் மேளம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்சிக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"என் பேரை முதல்ல போடு. வெளிநாட்டுக்காரன் முதல் பேரைத்தான் பாப்பான்."

முதல் பெயர் போனால் அவளுடைய பட்டத்துக்கு இந்தக் கட்டுரை உதவாது. மறுத்தாலோ, அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள் என்று பிரித்துப் பார்ப்பார்.

திரையில் பெயர்களை மாற்றினாள்.

பாக்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைப்பை வாய்விட்டுப் படித்தார். "பாக்சி நுண்ணுயிரும் நெல்லும்: ஒரு மறுபார்வை." முகம் மலர்ந்தது. "மேலயும் நான், கீழயும் நானா?"

திரையில் அவர் சம்மதத்துக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: கட்டுரையை முழுவதும் படித்தேன். ஆய்வில் எனக்குப் பங்கு உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் நான் பொறுப்பு.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அச்செடுத்து வைத்திருந்த கட்டுரையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க சார்."

சொல்லிவிட்டு, தாயே துர்க்கா, இவர் படிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

அவர் தாள்களைக் கையில் எடுத்தார். முதல் பக்கத்தின் முனையில் விரலை வைத்தார்.

வாசலில் காரின் ஒலிப்பான் கேட்டது.

"நானே படிக்கணும்னா அப்புறம் நீ எதுக்கும்மா?" தாள்களை மேசையில் போட்டு, டீ குடித்து முடித்த மண் குவளையை அவற்றின் மேல் வைத்தார்.

மூன்று கட்டங்களிலும் தட்டினார். சம்மதம் போய்ச் சேர்ந்தது.

"கட்டுரை வந்ததும் எல்லாருக்கும் சந்தேஷ் ஸ்வீட் நீதான் வாங்கித் தரணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

கார் போகும் சத்தம் அடங்கும்வரை ஸ்ரீலா அசையவில்லை. பிறகு குவளையை எடுத்துவிட்டு, அவர் புரட்டாத பக்கத்தைப் புரட்டினாள்.

"பல கைகள் செய்தும், பல மண்ணில் செய்தும், இந்த நுண்ணுயிர் ஒரு நாற்றையும் காப்பாற்றவில்லை. எங்கள் முந்தைய கட்டுரையின் முடிவு தவறு. பிழை சோதித்த மாணவர்களுடையது அல்ல."

தேபோலீனாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; கடைசியில் அவள் எடுத்தாள்.

"உன் கையில ஒரு குறையும் இல்லடி" என்றாள் ஸ்ரீலா. "சாரே ஒத்துக்கிட்டாரு."